மாட்டுக்காரர் கையில் சேர்ந்த 6 டாலர்

ஒரே மாட்டுக்கு இரண்டு தொகை. 1934 கோடையில் அமெரிக்க அரசு, வறட்சியில் காய்ந்த மாவட்டங்களில் மாடு வாங்க இறங்கியபோது போட்ட பட்டியல் அப்படித்தான் இருந்தது. 2 வயது தாண்டிய உருப்படிக்கு, அதன் நிலையைப் பார்த்து 6 முதல் 14 டாலர் வரை விலை. அதோடு, மாடு எந்த நிலையில் இருந்தாலும் 6 டாலர் உதவித்தொகை. 1 வயதுக்கு மேல் 2 வயதுக்குள் என்றால் 5 முதல் 10 டாலர் விலை, 5 டாலர் உதவித்தொகை. கன்றுக்கு 1 முதல் 5 டாலர் விலை, 3 டாலர் உதவித்தொகை. விலைப் பகுதியில், மாட்டை அடமானம் பிடித்திருந்த வங்கிக்கோ கடன் நிறுவனத்துக்கோ உரிமை உண்டு. உதவித்தொகையில் கடன்காரர் யாரும் கை வைக்க முடியாது. அது மாடு வளர்த்தவருக்கே.

அரசுக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செத்த மாட்டுக்குச் சான்றிதழ் எழுதுவது என் வேலையில் பெரும்பகுதி. வெள்ளம், புயல், அடைப்பான், இடி என்று காரணம் மாறும், படிவம் மாறாது. அதனால் இந்த 1934 பட்டியலை முதன்முதலில் படித்தபோது என் கண் போனது மொத்தத் தொகைக்கு அல்ல, அதை இரண்டாகப் பிரித்த அந்தக் கோட்டுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழுத்த மாட்டுக்கு 20 டாலர் கிடைத்தால் அதில் 6 டாலர், அதாவது 100-க்கு 30, உரிமையாளருக்கு நிச்சயம். எலும்பும் தோலுமான மாட்டுக்கு 12 டாலர்தான். ஆனால் அதில் சரிபாதி அவருக்கு. மோசமான கன்றுக்கு 4 டாலர். அதில் 3 அவருடையது. மந்தை எவ்வளவு நலிந்ததோ அவ்வளவுக்கு, வருகிற பணத்தில் குடும்பத்தின் பங்கு கூடியது. இதை யோசித்தவர் யாராக இருந்தாலும், கடன்பட்டவன் வீட்டு நிலவரம் தெரிந்தவர்.

இந்தக் கோட்டின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1886-87 குளிர்காலம். மொன்டானா, டகோட்டா, வயோமிங் சமவெளிகளில் வேலி இல்லாத அரசு நிலத்தில் அளவுக்கு மீறி மாடுகளை விட்டிருந்தார்கள். கிழக்கு மாநிலங்களிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் முதலீடு வந்து குவிந்த காலம் அது. 1886 கோடையில் மழை பொய்த்துப் புல் கருகியது. ஜனவரியில் பனிப்புயல் அடித்து, மிச்சமிருந்த புல்லையும் பனிக்கட்டி மூடியது. மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையிலும் பெரும்பகுதி போயிற்று. மொன்டானாவின் ஜூடித் பேசின் பகுதியில் ஒரு பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் சார்லஸ் ரஸல் என்ற இளைஞர். ஹெலினா நகரத்தில் இருந்த முதலாளி, மந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதியிருந்தார். பதில் கடிதம் எழுதுவதற்குப் பதிலாக ரஸல் ஓர் அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் நீர்வண்ணத்தில் ஒரு மாட்டை வரைந்து கொடுத்தார். முதுகு வளைந்து, விலா எலும்பு துருத்தி, பனியில் தனியாக நிற்கும் மாடு, சுற்றி ஓநாய்கள். ரஸல் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஓவியரானார். மாட்டு வைத்தியன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சித்திரத்தில் தப்பு ஒன்றும் இல்லை. பட்டினி கிடக்கும் மாடு நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் ஒடுக்கிக்கொண்டு அப்படித்தான் நிற்கும்.

அந்த முதலாளிகளுக்கோ, அவர்களை நம்பி இருந்த கூலி மேய்ப்பர்களுக்கோ அரசிடமிருந்து ஒரு காசு வரவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதே குளிர்காலத்தில், 1887 பிப்ரவரி 16 அன்று, டெக்சாஸ் மாநிலத்தில் வறட்சியில் அடிபட்ட விவசாயிகளுக்கு விதை வாங்கித் தர 10,000 டாலர் ஒதுக்கும் மசோதாவை ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் நிராகரித்துத் திருப்பி அனுப்பினார். தனிமனிதர் துன்பத்தைத் தீர்ப்பது அரசின் வேலை இல்லை என்பது அவர் வாதம். அதை நாட்டு மக்களின் தர்மத்துக்கு விட்டுவிடலாம் என்றார். 10,000 டாலர்தான். ஒரு நாட்டின் கஜானாவுக்கு அது ஒன்றுமே இல்லை. கொடுப்பதே தப்பு என்று அவர் மனதார நம்பினார்.

1930 வறட்சியில் அந்த நம்பிக்கை பாதி தளர்ந்தது. தளர்ந்த விதம் வேதனையானது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் 4.5 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் அந்தக் கடனை வாங்கலாம்; குடும்பத்தின் சாப்பாட்டுக்கு வாங்கக் கூடாது என்பதில் ஜனாதிபதி ஹூவர் உறுதியாக நின்றார். தீவனத்துக்குக் கொடுத்தால் அது தொழிலுக்கான கடன், சோற்றுக்குக் கொடுத்தால் பிச்சை என்று பிரித்துப் பார்த்தார்கள். கோவேறு கழுதைக்குத் தீனி உண்டு, அதை ஓட்டுகிறவன் பிள்ளைக்கு இல்லை. அடுத்த மாதமே ஆர்கன்சா மாநிலத்தில் இங்கிலாண்ட் என்ற சிற்றூரில் பசித்த விவசாயிகள் திரண்டு வந்து கடைக்காரர்களிடம் உணவு கேட்டு நின்றார்கள்.

பிறகுதான் 1934. அந்த மே மாதம் சமவெளியில் கிளம்பிய புழுதிப் புயல் நியூயார்க்கையும் தாண்டி அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள்மேல் படிந்தது. நாட்டில் அப்போது சுமார் 7 கோடியே 40 லட்சம் மாடுகள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. விலையோ அடிமட்டத்தில் கிடந்தது. மேய்ச்சல் இல்லை, வைக்கோல் இல்லை, கிணற்றிலும் குட்டையிலும் நீர் இல்லை. டெக்சாஸில் சப்பாத்திக்கள்ளியின் முள்ளை நெருப்பில் பொசுக்கிப் போட்டார்கள். வடக்கே, உருண்டோடும் முட்செடியைப் பச்சையாக அறுத்துக் காயவைத்துத் தீனியாக்கினார்கள். சந்தைக்கு ரயிலேற்றினால் ரயில் கூலிக்குக்கூட மாடு விலைபோகாத நிலை.

மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதுவரை அரசுக் கட்டுப்பாட்டை விரும்பாதவர்கள். 1933-இல் விவசாயச் சீரமைப்புச் சட்டம் வந்தபோது அது கட்டுப்படுத்தும் விளைபொருள்களின் பட்டியலில் மாட்டைச் சேர்க்க வேண்டாம் என்று தள்ளி நின்றார்கள். ஓராண்டு வறட்சி அந்தப் பிடிவாதத்தை உடைத்தது. அமரிலோ நகரத்தைச் சேர்ந்த மார்வின் ஜோன்ஸும் செனட்டர் டாம் கானலியும், இருவரும் டெக்சாஸ்காரர்கள், கொண்டுவந்த சட்டம் 1934 ஏப்ரலில் மாட்டை அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஜூன் மாதம் வறட்சி நிவாரணத்துக்கு 52.5 கோடி டாலர் ஒதுக்கீடு வந்தது. வாங்கும் வேலை வடக்கு டகோட்டா, மினசோட்டா பக்கம் தொடங்கி மளமளவென்று தெற்கே பரவியது.

நடைமுறை இப்படி. மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பாளர், உள்ளூர் மாட்டுக்காரர்களைக் கொண்ட ஒரு குழு, விலை மதிப்பிட ஒருவர், அவர்களோடு மத்திய அரசின் கால்நடைத் துறையிலிருந்து ஒரு மருத்துவர். சொன்ன தேதியில் மந்தையைப் பட்டியில் அடைத்து வைக்க வேண்டும். மருத்துவர் பார்த்துப் பிரிப்பார். ரயிலேறிப் பிழைக்கும் என்றால் ஒரு பக்கம். தேறாது என்றால் மறுபக்கம். அவற்றை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள். ஆரம்ப நாட்களில், மிக மோசமான மாவட்டங்களில், பாதிக்கு மேல் மறுபக்கம் போயின.

அந்த மருத்துவரின் இடத்தில் நின்று பார்க்க எனக்குக் கஷ்டமில்லை. பட்டினி மாட்டைப் பார்த்தவுடன் விலா எலும்பைப் பார்க்கக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். வாலடியைப் பார்க்க வேண்டும்: இரண்டு பக்கமும் குழி விழுந்து இடுப்பெலும்பு தனித்தனியாகத் தெரிகிறதா. கழுத்துத் தோலைக் கிள்ளி விட வேண்டும்: உடனே படிகிறதா, அப்படியே நிற்கிறதா. பிறகு மாட்டை நடக்க விட வேண்டும். பின்னங்கால் பின்னிக்கொண்டு நடந்தால் அது ரயில் பெட்டியில் விழும், விழுந்தால் எழாது, மற்ற மாடுகள் மிதித்துவிடும். செத்தபின் அறுத்துப் பார்த்தால் இதயத்தைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய கொழுப்பு கரைந்து, அந்த இடத்தில் மஞ்சளாகக் கஞ்சித் தண்ணீர் உறைந்த மாதிரி ஒன்று இருக்கும். எலும்பு மச்சையும் அப்படியே. உடம்பு தன்னையே தின்று முடித்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 1930-களின் சமவெளியில் இதோடு புழுதியும் சேர்ந்தது: மண்ணோடு மேய்ந்து மேய்ந்து பல் தேய்ந்திருக்கும், வயிற்றைத் திறந்தால் சேறு. கூடவே மாட்டுக்காரர் நிற்கிறார், கன்றிலிருந்து வளர்த்தவர், கை காட்டுகிற பக்கம் எது என்று பார்த்துக்கொண்டு. சுடப்பட்ட மாட்டுக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதால் அந்த மருத்துவர்கள் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கும். தேறாத மாட்டுக்குக் காசில்லை என்று விதி இருந்திருந்தால், இரக்கப்பட்ட மருத்துவர் எல்லாவற்றையும் ரயிலேற்றியிருப்பார், வழியில் செத்திருக்கும்.

1935-இன் தொடக்கத்தில் வேலை முடிந்தபோது அரசு வாங்கியிருந்தது சுமார் 83 லட்சம் மாடுகள். நாட்டின் மொத்த மந்தையில் ஒன்பதில் ஒன்று. உரிமையாளர்களுக்கும் கடன்காரர்களுக்குமாகப் போன தொகை 11 கோடி டாலருக்கு மேல். டெக்சாஸில் மட்டும் சுமார் 20 லட்சம் உருப்படி. செம்மறிக்குத் தலைக்கு 2 டாலர், அங்கோரா ஆட்டுக்கு 1 டாலர் 40 சென்ட் என்று ஆடுகளும் லட்சக்கணக்கில் வாங்கப்பட்டன. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், வருங்காலத்தில் அரசு கொண்டுவரும் உற்பத்திக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்கு ஒத்துழைக்கவும் சம்மதித்தாக வேண்டும். வேறு வழியில்லாத நேரத்தில் வாங்கிய சம்மதம் அது; எனக்கு அந்த ஷரத்து பிடிக்கவில்லை.

வாங்கிய மாடுகளை என்ன செய்தார்கள் என்பது முக்கியம். மாடு வாங்கத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, பன்றி விலையைத் தூக்கி நிறுத்த 60 லட்சம் பன்றிகளையும் குட்டிகளையும் அரசு வாங்கிக் கொன்றது. கணிசமான பகுதி உரமும் கொழுப்புமாகப் போயிற்று. ஊரெல்லாம் பட்டினி கிடக்கும்போது இப்படியா என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில்தான் 1933 அக்டோபரில் மத்திய உபரி நிவாரணக் கழகம் பிறந்தது. அடுத்த ஆண்டு மாடுகளைக் கொல்லும் வேளை வந்தபோது கழகம் தயாராக இருந்தது. பிழைத்த மாடுகள் இறைச்சிக்கூடங்களுக்குப் போயின. கூடங்கள் நிரம்பி வழிந்தபோது, புல் இருந்த மாநிலங்களுக்கு மேய்ச்சலுக்குப் போயின. பல மாநிலங்களில் நிவாரண நிதியிலேயே டப்பாவில் இறைச்சி அடைக்கும் கூடங்கள் திறந்து, வேலையில்லாதவர்களை அங்கே அமர்த்தினார்கள். டகோட்டாவின் நோஞ்சான் மாடு, வேறொரு மாநிலத்தில் வேலை இழந்தவர் வீட்டில் டப்பா இறைச்சியாக வந்து சேர்ந்தது. மாட்டுக்காரருக்குப் பணம், கூலிக்காரருக்கு வேலை, ஏழைக்குச் சாப்பாடு என்று ஒரே செலவை மூன்று இடத்தில் பயன்படுத்திய இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே நிவாரண நிதியில், நவஹோ பழங்குடியினருக்கு நடந்தது வேறு. அரிசோனா, நியூமெக்சிகோ பக்கம் அவர்களுடைய செம்மறிகளும் வெள்ளாடுகளும் மேய்ந்து மண் அரிக்கிறது, அரித்த வண்டல் கொலராடோ நதியில் கட்டிக்கொண்டிருந்த பெரிய அணையை நிரப்பிவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். பழங்குடி விவகாரங்களுக்கான ஆணையர் ஜான் காலியர் மந்தைக் குறைப்பைக் கொண்டுவந்தார். 1933-இல் ஒரு லட்சம் ஆடுகள், 1934-இல் ஒன்றரை லட்சம் வெள்ளாடுகள் என்று இலக்கு. வெள்ளாட்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ 1 டாலர். ரயிலடி தூரம் என்பதால் ஆயிரக்கணக்கான வெள்ளாடுகளை வழியிலேயே சுட்டு அழுக விட்டார்கள். நவஹோ சமூகத்தில் வெள்ளாடு பெரும்பாலும் பெண்களின் சொத்து. பாலும் இறைச்சியும் அதிலிருந்து. விருந்தும் சடங்கும் அதை வைத்து. செம்மறியை விற்றாலும் வெள்ளாடு வீட்டைக் காக்கும். ஒப்புதல் கொடுத்த பழங்குடி மன்றத்தில் இருந்தவர்களோ ஆண்கள். சொத்துக்காரியைக் கேட்காமல் சொத்தை எண்ணினார்கள். டெக்சாஸ் பண்ணைக்காரருக்கு அவருடைய கடன்வரை யோசித்த அரசு, இந்தப் பெண்களின் சமையலறைவரைகூட யோசிக்கவில்லை. அந்தக் காயம் நவஹோ குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது.

கையில் வரும் பணம் யாருடையது என்ற கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கொட்டகை சரிந்து செத்த மாடுகளை நான் தொடர்ந்து பார்த்தேன். பசுவுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000 என்று நிவாரணம். ஒரு வீட்டில் வயதான அம்மா, செத்த கறவையின் கழுத்துக் கயிற்றை இன்னும் கையில் பிடித்திருந்தார். நான் வயது, நிறம், கொம்பு எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "டாக்டர் சார், இந்தப் பணம் எனக்கா, பேங்குக்கா?" உங்களுக்குத்தாம்மா என்றேன். பணம் வந்தது, அவர் கணக்கில்தான் வந்தது. பழைய மாட்டுக் கடனுக்கு வங்கி அதைப் பிடித்துக்கொண்டது. அவர் மகன் வந்து சொன்னபோது நான் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். கணக்கில் வந்த பணம் கணக்கில் வந்த பணம்தான் என்றார். 1934 பட்டியலில் இருந்த அந்தக் கோடு, அவர் முன்னால் எடுத்துப் போட எங்களிடம் இல்லை.

அமெரிக்காவிலும் அந்தக் கோடு தொடர்ச்சியாக இருந்துவிடவில்லை. 1950 முதல் 1957 வரை டெக்சாஸை வாட்டிய வறட்சியில் அரசு மாடு வாங்கவில்லை. தீவனத்துக்கும் வைக்கோலுக்கும் மானியம் கொடுத்தது. சான் ஆஞ்சலோ நகரத்தில் பத்திரிகைக்காரராக அந்த வறட்சியை எழுதிவந்த எல்மர் கெல்ட்டன், 1973-இல் அதை நாவலாக்கினார். அதன் நாயகன் சார்லி ஃபிளாக், மற்றவர்கள் எல்லாம் வாங்கும் உதவியைக் கடைசிவரை வாங்க மறுக்கும் பண்ணைக்காரன். அப்படிப்பட்ட மனிதர்களை நான் நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் ஃபிளாக்கின் வீம்பை மற்றவர்களுக்கு விதியாக்கினால் கிளீவ்லண்டின் 1887-க்கே போய்ச் சேருவோம்.

2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் அட்லஸ் என்ற பனிப்புயல் அடித்தது. முதலில் மழை, மாடுகள் தொப்பலாக நனைந்தன. பிறகு காற்றும் பனியும். கோடை மேய்ச்சலிலிருந்து இன்னும் திரும்பாத மந்தைகள். குளிர்கால ரோமம் இன்னும் முளைக்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நகர்ந்து, வேலியோரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்தன. செத்த கால்நடைக்கு ஈடு தரும் மத்தியத் திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதியாகியிருந்தது. போதாக்குறைக்கு, நாடாளுமன்றச் சண்டையில் அக்டோபர் 1 முதல் மத்திய அரசு அலுவலகங்களே மூடிக் கிடந்தன. யாரிடம் புகார் கொடுப்பது? காதுத்தோட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், வெளியாள் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மற்ற மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் சினைக் கிடேரிகளை வண்டியேற்றி அனுப்பினார்கள். அடுத்த பிப்ரவரி 7 அன்று கையெழுத்தான விவசாயச் சட்டம் அந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கி, சந்தை விலையில் 100-க்கு 75 என்று வைத்து, 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கிப் பொருந்தும் என்றது. எடுத்து வைத்திருந்த படங்களும் காதுத்தோடுகளும் அப்போதுதான் காசாயின.

அந்தத் திட்டத்தின் விதிகளில் தொகை வழங்குவது பற்றிய பிரிவை நான் வரி வரியாகப் படித்தேன். கால்நடையின் மேல் எந்தக் கடன்காரருக்கு எந்த உரிமை இருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் தொகை வழங்கப்படும் என்று இருக்கிறது. 1934-இன் 6 டாலர், இந்த முறை முழுத் தொகைக்கும். கூடவே ஒரு விலக்கு: மத்திய அரசின் சொந்த முகமைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மாடு வாங்க அரசிடமே கடன் வாங்கிய இளம் பண்ணைக்காரர், மந்தையைப் பறிகொடுத்த ஆண்டில் தவணை தவறினால், அவருடைய ஈட்டுத் தொகையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கே இருக்கிறது.